விட்டுப்போன சுழி

அடுகோடி, பெங்களூரு
9 ஜூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

தமயந்தி எழுதுவது. தும்மலைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

கடிதம் கிடைத்தது. மலை சரிந்து செல்போன் கோபுரம் ஆற்றோடு போய்விட்டது, அணை முகாமில் இருக்கும் சாட்டிலைட் போனில் யாராவது செத்தால்தான் பேசவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போன் வராதவரை சந்தோஷம் என்று எடுத்துக்கொள்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் அது. பாதி ஜெனரேட்டரைப் பற்றி. மீதிப் பாதியில் "ஏதாவது எழுது" என்று முடித்திருந்தீர்கள்.

ஏதாவது எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மர்பி டவுனில் லாயிட் சார் வீட்டுக்கு இங்கிலீஷ் வார்த்தை படிக்கப் போகிறேன். சாதாரண வார்த்தைகள் அல்ல. இங்கிலீஷ்காரர்களே அகராதி பார்க்கும் வார்த்தைகள். ஆபீசில் ஒரு பரீட்சை வைக்கிறார்கள், அதற்காக. சார் முன்னறையில் பாடம் நடத்துவார். அவருடைய அக்கா கேரல் ஆன்ட்டி சமையலறையில் இருந்தபடி அவர் உச்சரிப்பைத் திருத்துவார்.

இந்த வார்த்தைகள் வீட்டிலும் பயன்படவில்லை, ஆபீசிலும் பயன்படவில்லை. ஆனால் காலையில் கம்பெனி வண்டி எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது, தூறல் இருந்தால் கீழே ஊர் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்ப்பேன். சொல்லச் சொல்ல வண்டிக்குச் சக்கரம் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஒரு விளையாட்டு வைத்துக்கொள்ளலாம். நான் வார்த்தை அனுப்புகிறேன், நீங்கள் பொருளை ஊகியுங்கள். அடுத்த கடிதத்தில் விடை. ஆங்கில எழுத்தில் எழுதினால் துப்பு கிடைத்துவிடும், அதனால் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்: முனிஃபிசென்ட், கேன்டேங்கரஸ், ரெட்டிசென்ட்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வையுங்கள்.

தமயந்தி

•

அணை முகாம், அருணாசலப் பிரதேசம்
2 ஜூலை 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். முதுகு இருக்கிறது. தும்மலுக்கு மிளகு ரசம் வைத்துக் குடி.

இங்கே மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறது. சாப்பாட்டுக் கொட்டகையில் எதிரே இருப்பவரின் தட்டு தெரியும், ஆள் தெரியமாட்டார். நேற்றுப் பாதிச் சாப்பாடு வரை ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மேகம் போன பிறகு பார்த்தால் எதிரே யாருமில்லை.

சமையல்காரர் கோவிந்தன் ஓசூர்க்காரர். தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். உன் வார்த்தைகளை அவரிடம் காட்டினேன். அகராதி இங்கே ஒன்றுதான் உண்டு, தலைமைப் பொறியாளர் மேசையில், செங்கல் மாதிரி. அதைத் தொடவில்லை.

முனிஃபிசென்ட் என்பதில் முனி இருக்கிறார். நம் தெரு முனீஸ்வரன் கோயிலுக்குத் தாராளமாக அள்ளிக்கொடுப்பவர் என்று பொருள். கேன்டேங்கரசுக்குக் கோவிந்தன் யோசிக்கவே இல்லை. "இது நம்ம டிபார்ட்மென்டுப்பா. கேன்டீன்ல வந்து ரகளை பண்றவன்" என்றார். ரெட்டிசென்ட், ரெட்டை சென்ட்: இரண்டு வகை சென்ட் பூசிக்கொள்பவன். புது மாப்பிள்ளையாக இருக்கலாம்.

வேறு விசேஷம் இல்லை. ஜெனரேட்டர் நன்றாக ஓடுகிறது.

அன்புடன்,
சிவசங்கரன்

•

அடுகோடி
21 ஜூலை 2024

அன்புள்ள உங்களுக்கு,

ரசம் வைத்தேன், தும்மல் கூடிவிட்டது. உங்கள் முதுகு இருக்கிறது என்று அறிந்து நிம்மதி.

மேகம் போன பிறகு எதிரே யாருமில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மேகம் வராமலே அப்படித்தான் இருக்கிறது.

முனிஃபிசென்ட் சரி. தாராளமாகக் கொடுப்பவர். கேன்டேங்கரஸ் சரி. சண்டைக்கென்றே பிறந்தவர். இரண்டையும் வகுப்பில் உங்கள் விளக்கத்தோடு சொன்னேன். லாயிட் சார் கண்ணாடியைக் கழற்றி, "எந்த புக்கும்மா இது?" என்றார்.

"என் வீட்டுக்காரர், சார்."

"லாயிட், உன் க்ளாஸுக்கு அது தேவலாம்டா" என்று சமையலறையிலிருந்து கேரல் ஆன்ட்டி சொன்னார்.

ரெட்டிசென்ட் தவறு. பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் இருப்பவர் என்று பொருள். சார் உதாரண வாக்கியம் கேட்டார். "மை ஹஸ்பண்ட்" என்று தொடங்கினேன். "போதும்மா, புரிஞ்சிடுச்சு" என்றார்.

வகுப்பில் எல்லோரும் வெளிநாடு போகிறவர்கள். நர்ஸ் டீனா போன மாதம் லண்டன் போய்விட்டாள். காலியான நாற்காலியைக் காட்டி சார், "அவளுக்கு விசா கெடச்சிருச்சு" என்று தணிந்த குரலில் சொல்வார். எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக இருப்போம். பரலோகம் போனவர்களைப் பற்றிக்கூட மர்பி டவுனில் இத்தனை பொறாமையோடு பேசமாட்டார்கள்.

"நீ எந்த நாடும்மா?" என்று ஆன்ட்டி என்னைக் கேட்டார். "அடுகோடி" என்றேன்.

இந்த முறை: நான்சலன்ட், பலாவர், சோஜர்ன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தமயந்தி

•

அணை முகாம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். ரசத்தில் மிளகைக் குறை.

நான்சலன்ட் என்றால் நான் சலனம் இல்லாதவன். எதற்கும் அசையாத ஆள். பலாவர்: பலர் கூடி வாயாடுவது. கோவிந்தன் இதற்குச் சாட்சியாக முகாமின் வாராந்திரக் கூட்டத்தைக் காட்டினார். சோஜர்ன்: சோல்ஜர் போகும் ஊர். ஒருநாள் திரும்ப வந்துவிடுவான் என்பதால் பெயரில் இருந்த 'ல்'லை வீட்டிலேயே விட்டுப்போயிருக்கிறான்.

ஜெனரேட்டர் அறையில் தனியாக இருக்கும்போது இந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்கிறேன். இரைச்சலில் எனக்கே கேட்காது. கேட்காததால் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

நீ அடுகோடி என்று பதில் சொன்னதைப் படித்துக் கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பரீட்சையை நன்றாக எழுது.

அன்புடன்,
சிவசங்கரன்

•

அடுகோடி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

தும்மல் போய் இருமல் வந்திருக்கிறது. வீட்டில் ஒரு சத்தம் இருப்பது நல்லதுதான். அங்கே குளிர் தொடங்கிவிட்டதா?

மாடி ஒழுகுகிறது என்று வீட்டு ஓனர் வெங்கடராமனிடம் சொன்னேன். "சார் வரட்டும்மா, பேசிக்கலாம்" என்றார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றேன். "சார் வரட்டும்மா." வீட்டில் நான் குடியிருப்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நான்சலன்ட், பலாவர் இரண்டும் ஏறக்குறைய சரி. சோஜர்ன் பாதி சரி. ஓர் ஊருக்குப் போய்ச் சிலகாலம் தங்குவது அது. சிலகாலம் என்பதுதான் முக்கியமாம். திரும்பி வராவிட்டால் அதற்கு வேறு சொல் இருக்கிறது. சார் இன்னும் நடத்தவில்லை.

பரீட்சை எழுதிவிட்டேன். எழுதும்போது பயமில்லை. வெளியே வந்து வண்டிக்குக் காத்திருந்தபோது, தெரிந்த தெருக்களின் பெயரெல்லாம் ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. எதிரே ஒரு மரம் நின்றது. அதைப் பார்த்து முனிஃபிசென்ட் என்று சொன்னேன். சொன்ன பிறகு மழை வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் எழுதத் தோன்றியது.

அடுத்த வார்த்தைகள்: விகேரியஸ், கார்க்.

கம்பளியை வெயிலில் போடுங்கள், வெயில் வந்தால்.

தமயந்தி

•

அணை முகாம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். இருமலுக்கு மருந்து வாங்கு, சத்தத்துக்கு ரேடியோ வாங்கு.

விகேரியஸ்: விகாரமானது. இதில் சந்தேகமே இல்லை.

கார்க் என்றால் பாட்டில் மூடி. இது எனக்கு மட்டுமல்ல, முகாமில் எல்லோருக்கும் தெரியும். இதை ஏன் கஷ்டமான வார்த்தை என்று சொல்லித்தருகிறார்? லாயிட் சாருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா? "சரக்கு தீர்ந்தாத்தான்பா கார்க்கு மிஞ்சும்" என்கிறார் கோவிந்தன்.

மாடிக்குத் தார் பூசச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

அன்புடன்,
சிவசங்கரன்

•

அடுகோடி
27 அக்டோபர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

இருமல் நின்றுவிட்டது. நீங்கள் நலமென்று நம்புகிறேன்.

"தார் பூசச் சொல்லி அவர் எழுதியிருக்கிறார்" என்றேன். மறுநாளே ஆள் வந்து பூசிவிட்டுப் போனார்.

விகேரியஸ் தவறு. தான் போகாத ஊருக்கு இன்னொருவர் போனதைக் கேட்டே, தான் போனதுபோல் மகிழ்வது. லாயிட் சாரின் வாழ்க்கை முழுவதும் அதுதான் என்று ஆன்ட்டி சொன்னார்.

கார்க் பாட்டில் மூடி அல்ல. ஊர். அயர்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள எங்கள் ஆபீசுக்கு என்னை டீம் லீடாக அனுப்புகிறோம் என்கிறார்கள். மூன்று வருடம். பரீட்சை அதற்குத்தான். தேறிவிட்டேன். இந்த ஆண்டு முடிவதற்குள் நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். இல்லை என்றால் எங்கள் டீமில் இருக்கும் சிந்து போவாள். அவள் ஏற்கெனவே ஸ்வெட்டர் பின்னுகிறாள்.

போன வருடம் உங்கள் பட்டறையை மூடி அந்த இடத்தில் பீர் கடை வைத்தார்கள். நீங்கள் மூன்று வாரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு மெஜஸ்டிக்கில் ரயிலுக்கு நிற்கும்போது, "ரெண்டு வருசம் கான்ட்ராக்ட், கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றீர்கள். நான் தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தேன். அப்போது என்னிடம் இத்தனை வார்த்தைகள் இல்லை.

நானும் அப்படியே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைப் பட்டியலில் வைத்துச் சொன்னேன். அதையும் கோவிந்தன் அண்ணன் மூடிவிட்டார்.

நான் போகலாமா என்று கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

தமயந்தி

•

அணை முகாம்
17 நவம்பர் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். நாடுவதும் அதுவே.

சாலை அடைத்துக்கொண்டதால் கடிதம் தாமதமாக வந்தது. இரண்டாவது ஜெனரேட்டரின் எரிபொருள் பம்பில் காற்று புகுந்துவிட்டது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். மறுபடியும் காற்று. குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல். அதைக் கண்டுபிடிக்கக் குழாயைத் தண்ணீரில் அமுக்கிப் பிடிக்க வேண்டும், குமிழி வரும் இடம்தான் கீறல். கீறலை அடைத்தேன். இப்போது ஓடுகிறது. ஆனால் சத்தம் முன்போல் இல்லை. மற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

கார்க் மழை ஊர் என்று பொறியாளர் சொன்னார். நல்ல ஸ்வெட்டராக வாங்கு.

அன்புடன்,
சிவசங்கரன்

•

அடுகோடி
8 டிசம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு ஜெனரேட்டர் இல்லை, மற்றபடி நலம். அங்கு எரிபொருள் பம்ப் நலமா?

உங்கள் கடிதத்தை வண்டியில் படித்தேன், ஆபீசில் படித்தேன், வகுப்பிலும் எடுத்துப்போய்ப் படித்தேன். ஸ்வெட்டர் வாங்கு என்றால் போ என்று பொருளா, போனால் போ என்று பொருளா? லாயிட் சாரின் எந்தப் புத்தகத்திலும் இதற்கு விளக்கம் இல்லை. ஆன்ட்டியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பாவம்மா, அந்தாளு அழுவுறாரு" என்றார். "எங்க ஆன்ட்டி?" என்றேன். "பம்புல" என்றார்.

ஆன்ட்டிக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரியும். எனவே நான் நம்பவில்லை. இரண்டு நாள் நம்பினேன்.

தெருவில் பிங்க் பூக்கள் கொட்டத் தொடங்கிவிட்டன. காலையில் வண்டிக்கு நிற்கும்போது தோளில், பையில், டிபன் டப்பா மூடியில் விழுகின்றன. தட்டிவிடாமல் அப்படியே ஏறுகிறேன். மேம்பாலத்தில் ஜன்னலைத் திறந்தால் ஒவ்வொன்றாகப் பறந்துபோகும். எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கும்போது நான் மட்டும் இருப்பேன்.

இந்த முறை ஒரே வார்த்தை: பெனல்டிமேட். இந்த முகவரியிலிருந்து உங்களுக்கு நான் எழுதும் பெனல்டிமேட் கடிதம் இது. ஊகியுங்கள். விடை என்னவானாலும் மாதக் கடைசியில் நான் பதில் சொல்லிவிடுவேன்.

தமயந்தி

•

அணை முகாம்
19 டிசம்பர் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். முதுகு வலிக்கிறது. இதுவரை எழுதாததற்குக் காரணம் இல்லை.

பெனல்டிமேட். நானும் கோவிந்தனும் ஒரு மத்தியானம் முழுவதும் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சோறு குழைந்துவிட்டது. அல்டிமேட் என்றால் கடைசி, இறுதி முடிவு. இது கோவிந்தனுக்கே தெரியும். முன்னால் இருக்கும் 'பென்' மட்டும் உதைத்தது.

பிறகுதான் பிடிபட்டது. அவசரத்தில் நீ ஒரு சுழியை விட்டுவிட்டாய். இரண்டு சுழி போட்டிருக்கிறாய், அங்கே மூன்று சுழி வர வேண்டும். பெண் அல்டிமேட். அதாவது, பெண் எடுக்கும் முடிவே இறுதியானது. இவ்வளவு சரியான ஒரு வார்த்தையை இங்கிலீஷ்காரன் தானாக யோசித்திருக்கமாட்டான், நம்மிடமிருந்துதான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்கிறார் கோவிந்தன்.

பொருள் சரி என்றால் நான் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. தவறு என்றாலும் என் பங்குக்கு அதையே வைத்துக்கொள்.

நான் இங்கே வரும்போது எந்தச் சுழியும் போடவில்லை. நேராகக் கோடு கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆன்ட்டி சொன்னதை நம்பலாம்.

சங்கர்

•

அடுகோடி
5 ஜனவரி 2025

அன்புள்ள சங்கருக்கு,

பதினோரு வருடத்தில் நீங்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் நானும் இப்படித் தொடங்குகிறேன். முதுகுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். வலிக்கும்போது வலிக்கிறது என்று இனிமேலும் எழுதுங்கள்.

அகராதிப்படி உங்கள் விடை தவறு. பெனல்டிமேட் என்றால் கடைசிக்கு முந்தையது. உங்கள் கடிதம் டிசம்பர் முப்பதாம் தேதி வந்தது. கெடுவுக்கு முந்தைய நாள். வார்த்தை தன் வேலையைத் தானே செய்துகொண்டது.

வகுப்பில் இரண்டு பொருளையும் சொன்னேன். லாயிட் சார், பரீட்சையில் முதலாவதை எழுதுங்கள், வீட்டில் இரண்டாவதை எழுதுங்கள் என்றார். ஆன்ட்டி முதல்முறையாகச் சமையலறையை விட்டு வெளியே வந்தார்.

தலைமைப் பொறியாளர் மேசையில் செங்கல் மாதிரி ஓர் அகராதி இருப்பதாக நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். அதைத் தொட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் புறப்பாடு. வெங்கடராமன் சாரிடம் சொன்னேன். "சார் வரட்டும்மா" என்று தொடங்கினார். "சார் சொல்லிட்டாரு சார்" என்றேன். பொய் இல்லை.

துணைவரும் வரலாமாம். விசா தாளில் உங்கள் பெயர் 'டிபென்டன்ட்' என்று வரும். இதற்கு ஊகம் வேண்டாம். பதினோரு வருடம் எல்லாத் தாளிலும் அந்தக் கட்டத்தில் நான்தான் இருந்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பழகிவிடும்.

கணக்குப்படி இந்த முகவரியிலிருந்து இதுதான் கடைசிக் கடிதம். ஒரு வார்த்தை. லாயிட் சார் பட்டியலில் இல்லை, பள்ளிக்கூட வார்த்தைதான்: அக்கம்பனி.

தமயந்தி

•

அணை முகாம்
19 ஜனவரி 2025

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். தைலம் வந்தது. கோவிந்தன் பாதியை எடுத்துக்கொண்டார்.

வார்த்தையைக் காட்டியதும், "யோவ், இது எனக்கே தெரியும்யா, அதாவது கூட..." என்று தொடங்கினார். பேசவிடவில்லை. விளையாட்டு என்றால் விளையாட்டு.

அக்கம்பனி: அக்கம்பக்கம் எல்லாம் பனி. அப்படிப்பட்ட ஊரில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தட்டு தெரியும், ஆள் தெரியமாட்டார். இருக்கிறாரா என்று அவ்வப்போது கை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை.

மார்ச்சில் இங்கே கணக்கு முடிகிறது. இரண்டு வருடத்தில் மீதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபிக்காதே, மை காய்வதற்குள் இதை எழுதுகிறேன்.

விடை சரியா என்று தபாலில் சொல்ல வேண்டாம். கார்க்கில் நேரில் சொல்.

சங்கர்